யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளும் விறகுப் பஞ்சமும்

நாட்டு வரலாறு எழுதப் புகுந்தோரிற் பலர் அரண்மனை வாயிலிலேயே நின்றுவிட்டனர். உள்ளே நுழைந்தோருட் சிலர் கருவூலத்தையும் களஞ்சியத்தையும் நோக்கினர். அடுக்களைவரை சென்றோர் மிகச் சிலரே. முன்னையோர் எதனை உண்டனர் என்னும் வினாவுக்கு விடை கூறும் நூல்கள் உள. உண்டதனை எதனை எரித்துச் சமைத்தனர் என்று வினவுதல் அரிது. காடு மலிந்த நாடுகளில் அவ்வினா எழாமை வியப்பன்று. கையெட்டுந் தூரத்திற் கிடைக்கும் பொருளைப் பற்றி எவரும் எழுதிவைப்பதில்லை. காடென்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ அடுப்பெரிப்பது எவ்வாறு என்பது, உழவோடும் வேலியோடும் கூரையோடும் காணியுரிமையோடும் பிணைந்து கிடக்கும் வினாவாகும்.

குடாநாடு அயற்றீவுகளையுஞ் சேர்த்து ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. சுண்ணக்கற் பாறையின்மீது மெல்லிய மண்போர்வை. மலையில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுமில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மாரி மழை பெய்து ஓய்ந்தபின் நீண்ட வறட்சி. இத்தகைய நிலத்திற் பெருமரக் காடு வளர்தல் எளிதன்று. வளர்ந்த சிறுகாடுகளும் குடிநெருக்கத்தால் தோட்டங்களாயின. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இச்சிறு நிலத்தில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். தென்மராட்சியின் கரையோரங்களிலும் பச்சிலைப்பள்ளியிலும் வடமராட்சியின் கிழக்குப் பகுதியிலும் பற்றைக்காடுகள் உள. கடனீரேரிக் கரைகளிற் கண்டல் மரங்கள் உள. மக்கள் மிக நெருங்கி வாழும் வலிகாமத்தில் இவையும் அரியன.

இங்ஙனமிருக்க, இத்தனை வீடுகளின் அடுப்பு நூற்றாண்டுக் கணக்காக எரிந்து வந்தது எவ்வாறு? குடாநாட்டின் விறகு காட்டில் விளைந்ததன்று. பயிரிடப்பட்ட நிலத்திலும் நடப்பட்ட வேலியிலும் பக்கப் பொருளாக விளைந்தது. பக்கப் பொருளாதலின் அதற்கு உரிமை கோரியது அடுப்பு மட்டுமன்று. மண் பசளை கேட்டது. கூரை ஓலை கேட்டது. வேலி தடி கேட்டது. வறட்சிக் காலத்தில் மாடும் தன் பங்கைக் கேட்டது. எல்லாருக்குங் கொடுத்து எஞ்சியதே அடுப்பிற் புகுந்தது. இந்தப் பங்கீட்டைக் காணாமல் விறகின் அளவை மட்டும் கணக்கிடும் ஆராய்ச்சி குடாநாட்டைப் பொறுத்தவரை அரைகுறையானதே.

பனையை எடுத்து நோக்கினால் இது தெளிவாகும். முற்றிய பனையொன்றின் தலையில் 25 முதல் 40 வரையான ஓலைகள் நிற்கும். அவை பச்சையாக வெட்டப்பட்டு மிதித்துப் படியவைக்கப்பட்டபின் வீட்டுக்கூரைக்கோ வேலிக்கோ செல்லும். அங்கே வெயிலையும் மழையையும் தாங்கி உக்கத் தொடங்கிய ஓலை, கூரை வேயும் நாளில் இறக்கப்பட்டுத் தோட்டத்துக்குச் செல்லும்; புகையிலைத் தறையிற் குழி வெட்டி ஓலையைத் தாழ்த்தி மண்ணால் மூடுதல் யாழ்ப்பாணத்து உழவரின் பழைய முறை. ஆகவே, ஓலை தன் முதல் வாழ்வைக் கூரையிலும் மறு வாழ்வை மண்ணிலும் கழித்தது. அடுப்புக்கு உரியது வெட்டாது விடப்பட்டுக் காய்ந்து தானே விழுந்த காவோலையும், ஓலை நீக்கிய மட்டையும், அடியிலுள்ள கங்குமட்டையும், பன்னாடையும், பாளையுமே. 1850ஆம் ஆண்டிற் பனையைப் பற்றித் தனிநூலொன்று வெளியிட்ட வில்லியம் பேர்கசன் என்பவர் அம்மரத்தின் எண்ணிறந்த பயன்களைத் தொகுத்துக் காட்டினார். பனையின் பெருமை பேசுவோர் அவற்றைப் பட்டியலாகக் கூறி மகிழ்வதுண்டு. பயன்கள் பலவாயிருத்தல் ஒன்றோடொன்று போட்டியிடுதலையுங் குறிக்கும் என்பது அப்பட்டியல்களிற் புலப்படுவதில்லை.

எரிபொருள் என்ற வகையில் இப்பொருள்களுக்குள் இருந்த வேற்றுமையை இல்லத்தரசியர் நன்கறிந்திருந்தனர். காவோலை கண்மூடித் திறக்குமுன் பற்றி எரிந்து அடங்கிவிடும். தண்ணீர் கொதிக்கவைக்க ஏற்றது. ஆயினும் அதனை எரிப்பவள் அடுப்பைவிட்டு அசையலாகாது. ஒரு பானை சோறு வேகும்வரை ஓலையைச் சுருட்டிச் சுருட்டித் தள்ளிக்கொண்டிருத்தல் வேண்டும். புகையுங் கண்ணீரும் அவளுக்குரிய கூலி. மட்டை சற்று நின்று எரியும். தென்னையின் பொச்சுமட்டை மெல்லக் கனன்று நெருப்பைக் காக்கும். இரவில் அதன் தணலைச் சாம்பலால் மூடிவைத்தாற் காலையிற் கிளறி ஊதி எழுப்பலாம். நெருப்புப்பெட்டி அரிதாயிருந்த காலத்தில் அயல்வீட்டுத் தணலைப் பொச்சுமட்டையிலோ சிரட்டையிலோ வாங்கிவந்து அடுப்பு மூட்டுவது நாளாந்த வழக்கம். சிரட்டை கடுஞ்சூடு தரும். அதன் கரி இஸ்திரிக்கைப் பெட்டிக்கு உகந்தது. பனங்கிழங்கு பிடுங்கியபின் எஞ்சும் கொட்டையின் ஓடாகிய ஊமல், உலர்ந்தால் விறகுக்கு நிகராக நின்றெரியும். ஊமற்கரி பல் விளக்கவும் உதவிற்று. இவற்றையெல்லாம் தகுதியறிந்து கலந்து எரிப்பதே அடுப்பெரிக்குங் கலையாயிருந்தது. மூட்டுவதற்கு ஓலை, கொதிக்கவைக்க மட்டை, வேகவைக்க விறகு, அடங்கியபின் அதே தணலில் நீர் சுடவைத்தல் என்றவாறு அது நடைபெற்றது.

மாட்டெருவைப் பற்றி ஒரு குறிப்பு இங்கே வேண்டும். இந்தியச் சமவெளிகளிற் சாணத்தைத் தட்டி உலர்த்தி வறட்டியாக எரிப்பது பெருவழக்கு. குடாநாட்டில் அவ்வழக்கு வேரூன்றவில்லை. விபூதிக்காகச் சுட்டதும் நிலம் மெழுகியதும் போக, எருவனைத்தும் தோட்டத்துக்கே சென்றன. பட்டி மாடுகளைத் தறையில் அடைத்துச் சாணத்தையும் சலத்தையும் நேரே மண்ணிற் சேர்க்கும் முறையும் இருந்தது. இதனை முன்னோரின் தீர்க்கதரிசனம் என்று புகழ்வதைவிட அவர்களின் கணக்கறிவு என்று கொள்வதே பொருந்தும். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூரிற் பணமாக விலைபோன பொருள். மெல்லிய மண்ணில் அது விளைய எருவின்றி முடியாது. ஒரு கூடை எரு அடுப்பிலிட்டால் ஒருவேளைச் சோறாகும், தறையிலிட்டால் விலையாகும். எரு தறைக்குச் சென்றமையால் அடுப்பு ஓலைக்கும் மட்டைக்கும் திரும்பிற்று. ஆதலின், குடாநாட்டு அடுக்களையின் புகையிற் புகையிலைத் தோட்டத்தின் பங்கும் உண்டு.

வேலியே அடுத்த விறகுக்களஞ்சியம். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பின்னாளிற் கிளிசரியா ஆகியவற்றின் கதியால்களை நட்டு, இடையே கிடுகோ பனையோலையோ மட்டையோ வைத்துக் கட்டுவது யாழ்ப்பாணத்து வேலி. கதியால் உயிருடன் வளர்வது. ஆண்டுதோறும் தறிக்கத் தறிக்கத் தழைப்பது. தறித்தவற்றின் இலை பசுந்தாட் பசளையாகவும் ஆட்டுக்கு உணவாகவும் போகத் தடி அடுப்புக்கு வந்தது. ஒரு வளவின் நாற்புறத்து வேலியும் ஆண்டுக்கொருமுறை தறிக்கப்பட்டால் அவ்வீட்டின் மாரிக்கால விறகில் ஒரு பெரும்பகுதி கிடைத்துவிடும். ஒழுங்கைகளின் இருபுறமும் பச்சைச் சுவர்போல் நின்ற இவ்வேலிகள் குடாநாட்டின் காடு எனத் தகும். நீளமாகவும் ஒடுக்கமாகவும் நடப்பட்ட காடு. நெடுந்தீவிற் பவளக்கற்களை அடுக்கி வேலி அமைப்பதால் இவ்வாய்ப்பு அத்தீவு மக்களுக்கு இல்லாது போயிற்று.

பருவத்துக்கேற்ற சேமிப்பும் இதனோடு சேர்ந்தது. ஆடி, ஆவணி மாதங்களிற் சோளகக் காற்று வீச, காவோலைகள் கழன்று விழும். அவற்றைப் பொறுக்கிக் கட்டிவைப்பது பெண்களுக்கும் சிறுவருக்கும் உரிய வேலை. மாரிக்கு முன் விறகும் மட்டையும் கோடிப்புறத்தே ஓலையால் மூடி அடுக்கப்பட்டன. பச்சை விறகின் நிறையில் ஏறக்குறையப் பாதி நீராகும். அந்நீரை ஆவியாக்குதற்கே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாகும். நன்கு காற்றாட உலர்ந்த விறகில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு நீரே எஞ்சும். அடுப்பின்மேற் பரண் கட்டி, நாளைய விறகை இன்றைய நெருப்பால் உலர்த்திய வழக்கத்தின் பயன் இதனால் விளங்கும்.

உணவு முறையும் எரிபொருளுக்கேற்ப அமைந்தது. பனாட்டும் ஒடியலும் வெயிலிலேயே பதப்படுவன. புழுக்கொடியலுக்கு ஒருமுறை பெரும் பானையில் அவித்தல் போதும், பின்னர் மாதக்கணக்காக அடுப்பின்றி உண்ணலாம். மீனும் மரக்கறியும் ஒடியல் மாவும் ஒரே பானையிற் கொதிக்கும் கூழ், பல கறிகளுக்கு வேண்டிய நெருப்பை ஒன்றாக்கியது. நீத்துப்பெட்டியில் அவிக்கும் பிட்டுக்கு ஆவியே போதும். இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையிற் பழஞ்சோறாக உண்டதால் விடியற்கால அடுப்பொன்று மிச்சமாயிற்று. இவை யாவும் விறகுக் குறைவினாலேயே தோன்றின என்று கூறுதல் மிகையாகும். சுவையும் வழக்கமும் வெப்பமும் காரணங்களே. ஆயினும் விறகு மலிந்த நாட்டில் இவை இத்துணை உறுதியாக நிலைபெற்றிரா.

இதுவரை கூறியது வளவும் வேலியும் பனையும் உடையோரின் கதை. பிறர் காணியிற் குடியிருந்தோரின் நிலை வேறு. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவராற் தொகுக்கப்பட்ட தேசவழமை, நிலத்துக்குரியோனுக்கும் மரம் நட்டோனுக்கும் இடையே பலனைப் பகிர்தற்கு விதி கூறுகின்றது. மரமும் நிலமும் வெவ்வேறு உரிமைகளாக எண்ணப்பட்ட நாட்டில், விழுந்த ஓலையும் எவருக்கோ உரியதே. காணியற்ற குடும்பத்துப் பெண் பிறர் வடலிக்குட் புகுந்து காவோலை பொறுக்குவதற்கு உடையவரின் இசைவு வேண்டும். அவ்விசைவு பெரும்பாலும் உழைப்பாலும் பணிவாலும் ஈடுசெய்யப்பட்டது. இசைவு மறுக்கப்பட்டால் வேலியோரத்துச் சருகும் சுள்ளியும் கடற்கரைக் கண்டலும் எஞ்சின. குடாநாட்டின் சாதியமைப்பையும் குடிமை முறையையும் ஆராய்ந்தோர் கிணற்று நீரைப் பற்றி விரிவாகக் கூறியுள்ளனர். அடுப்பின் விறகும் அதே வரம்புகளுக்குட்பட்டிருந்தமை அத்துணை கவனிக்கப்படவில்லை.

வீடுகளுக்கு அப்பாலும் விறகு தேவைப்பட்டது. புகையிலையைப் புகையூட்டும் குடில்களிற் பொச்சுமட்டை எரிந்தது. சுண்ணாம்புச் சூளைகளும் வெதுப்பகங்களின் போறணைகளும் நல்ல விறகையே கேட்டன. சுடலைக்கும் விறகு வேண்டும். இறந்தவரின் வளவில் நின்ற மரமொன்று அன்றைக்கே தறிக்கப்படுதல் கிராமங்களிற் காணப்பட்ட வழக்கம். இப்பெருந்தேவைகளை வேலியும் பனையும் நிறைவேற்றமாட்டா. கடனீரேரிக்குத் தெற்கே கிடந்த வன்னிப் பெருங்காடே இதற்குத் துணையாயிற்று. பூநகரிப் பக்கத்திலிருந்து வைக்கோலும் விறகும் ஏற்றிய வள்ளங்கள் குடாநாட்டுக் கரைகளை அடைந்தன. வண்டிற் பாதை ஆனையிறவு வழியே சென்றது. 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றபின்னும், லொறிகள் பெருகியபின்னும், வன்னி குடாநாட்டுக்கு அண்மையிலுள்ள இடமாயிற்று. 1936ஆம் ஆண்டிற் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிக் காடு வெட்டப்பட்டபோது, வயலுக்காக வீழ்த்திய மரங்களும் விறகாயின. பாலையும் வீரையும் யாழ்ப்பாணத்து விறகுகாலைகளில் அடுக்கப்பட்டு, 112 இறாத்தல் கொண்ட அந்தர்க் கணக்கில் விற்கப்பட்டன.

இம்மாற்றம் மெல்ல நிகழ்ந்தமையால் அதன் விளைவு உடனே தோன்றவில்லை. காசுள்ள வீடு காவோலையை மதியாதாயிற்று. மண்ணெண்ணெய் அடுப்பு நகர வீடுகளுக்குட் புகுந்தது. கூரை ஓடாயிற்று; உத்தியோகப் பணமும், பின்னர் வெளிநாட்டுப் பணமும் சேரச் சேரக் கிடுகு வேலிகள் மதில்களாயின. இறக்குமதியான செயற்கைப் பசளை வந்தபின் ஓலை தாழ்த்துதல் அருகியது. துலா நின்ற கிணற்றடியில் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. மதில் எழுந்த ஒவ்வொரு வளவிலும் நீண்ட காட்டின் ஒரு துண்டு மறைந்தது. இதனை அக்காலத்தில் இழப்பு என்று எவரும் கருதவில்லை, கருதவும் காரணமில்லை. வன்னியிலிருந்து லொறி வந்துகொண்டிருந்தது.

1990ஆம் ஆண்டு ஆனியிற் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது, மின்சாரம் அற்றது, ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, செயற்கைப் பசளை, மின்கலம் முதலிய பொருள்கள் குடாநாட்டுக்குச் செல்லாதபடி தடுக்கப்பட்டன. மண்ணெண்ணெய் மிகக் கட்டுப்பாடாக வந்து, தென்னிலங்கை விலையினும் பன்மடங்காக விற்கப்பட்டது. சிறு போத்தலில் எண்ணெய் சில துளியிட்டுப் பஞ்சுத் திரி கோத்து ஏற்றிய விளக்கில் மாணவர் படித்தமை இன்றும் நினைவுகூரப்படுகின்றது. விளக்குக்கே அளந்து ஊற்றிய எண்ணெயை அடுப்புக்கு ஊற்றுவார் யார்?

பொருளாதாரத் தடையைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒவ்வொரு பொருளின் தட்டுப்பாட்டையும் தனித்தனியே கூறுகின்றன. அடுக்களையிலிருந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். தடுக்கப்பட்ட பொருள்கள் யாவும் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகப் பனையின் வேலையை ஏற்றுக்கொண்டிருந்தவை. மண்ணெண்ணெய் இல்லையாகவே மட்டை அடுப்புக்குத் திரும்பிற்று. பசளை இல்லையாகவே ஓலை மீண்டும் மண்ணுக்கு வேண்டியதாயிற்று. சீமெந்தும் கூரைத்தகடும் இல்லையாகவே குண்டுவீச்சாற் சிதைந்த வீடுகளுக்கும் இடம்பெயர்ந்தோர் குடிசைகளுக்கும் ஓலையே கூரையாயிற்று. இயந்திரம் நிற்கத் துலா மீண்டது. இவையனைத்துக்கும் மேலாக, பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனங்குற்றிகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. போரிட்ட இரு பகுதியாரும் இதனைச் செய்தனர். முன்னெல்லாம் பங்கீட்டில் இருந்தவர் அடுப்பும் மண்ணும் கூரையும் வேலியும் மாடுமாவர். ஓலையையும் மட்டையையுமே அவர்கள் கேட்டனர். புதிதாக வந்தவர் மரத்தையே கேட்டார். பனை காய்ப்பதற்கு 12 முதல் 20 ஆண்டு செல்லும். பதுங்குகுழிக்கு உதவும் வைரமேற அதனினும் நெடுங்காலம் வேண்டும்.

இந்நெருக்கடியில் மறந்த அறிவு பல மீண்டன. மூத்த பெண்கள் இளையோருக்குக் காவோலை எரிக்கக் கற்பித்தனர். பழைய தகரப் பேணியில் மரத்தூளையோ உமியையோ இறுக நிறைத்து நடுவே துளை விட்டு எரிக்கும் அடுப்பு பரவிற்று. ஒருமுறை நிறைத்தால் அது மணிக்கணக்காக மெல்லென எரியும், தூள் கிடைக்கவேண்டும் என்பதே தடை. கிழக்கேயுள்ள பற்றைக்காடுகளில் விறகு வெட்டி, மிதிவண்டியின் பின்புறத்தே ஆளுயரத்துக்கு அடுக்கிக் கட்டி, நெடுந்தூரம் மிதித்துவந்து நகரில் விற்போர் தோன்றினர். லொறி நின்றபின் விறகு வாணிபம் ஒரு மனிதனின் காலுக்குள் அடங்கிற்று. அவ்விறகு வாங்க இயலாதோர் வேலிக்கதியாலைப் பருவமன்றியும் தறித்தனர். தறிக்கத் தறிக்கத் தழைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஓய்வின்றித் தறித்த கதியால் பட்டுப்போகும். பட்ட கதியாலும் அடுத்த வாரம் அடுப்புக்கே சென்றது.

1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் சென்று தங்கினர். மாரி தொடங்கியிருந்த காலம். எடுத்துச் சென்ற பொருள்களிற் பானையுண்டு, அரிசியுண்டு. விறகை எவரும் சுமந்து செல்லவில்லை. கோடிப்புறத்தே மாரிக்கென அடுக்கிய விறகு, ஆளில்லா வளவுகளில் இருந்தபடியே இருந்தது. பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தென்னந்தோப்புகளிலும் மூன்று கற்களை வைத்து மூட்டிய அடுப்புகளுக்குத் தென்மராட்சியின் தென்னைகளே எரிபொருள் தந்தன. ஈரப் பொச்சுமட்டையும் நனைந்த ஓலையும் எரிந்த அப்புகையில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் சமைத்தன. ஒரு பற்றுத் தன் அடுப்புக்கென வைத்திருந்ததனைத் தன்னினும் பெருந்தொகையினரான விருந்தினரோடு பகிர்ந்தது. இப்பகிர்வு எல்லா இடத்தும் மனமுவந்து நிகழ்ந்ததென்று கூறமுடியாது. தேங்காய்க்கும் மட்டைக்கும் சச்சரவு எழுந்த வளவுகளும் உண்டு. எனினும் 1996ஆம் ஆண்டு சித்திரை, வைகாசி வரை அம்மக்கள் பசியாறியது தென்மராட்சியின் விறகாலேயே.

திரும்பிச் சென்றோர் கண்ட வலிகாமம் முன்னையதன்று. வேலிகள் அழிந்திருந்தன. வலிகாமம் வடக்கிற் பெரும் பரப்பு 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயத்துட் கிடந்தது. அங்கே மரங்கள் காடாக வளர, முட்கம்பிக்கு இப்பாலுள்ளோர் விறகுக்கு அலைந்தனர். காணியுடையோரும் தம் பனையின் ஓலையை அணுகமுடியாத நிலை, காணியற்றோர் பரம்பரையாக அறிந்திருந்த நிலையே. 2002ஆம் ஆண்டில் ஏ9 பாதை திறக்கப்பட வன்னி விறகு மீண்டும் வந்தது. 2006ஆம் ஆண்டு ஆவணியிற் பாதை மூடப்பட அது மீண்டும் நின்றது. போர் 2009இல் முடிந்தபின்னரே லொறிகள் தடையின்றி ஓடின.

அரசும் நிறுவனங்களும் செய்தவற்றையும் ஒருவாறு குறிக்கலாம். 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை மீள்நடுகையில் ஈடுபட்டது. மணற்காட்டிலும் காரைநகரிலும் கடற்கரை மணலில் வளர்ந்த சவுக்கு, உதிர்த்த சுள்ளியால் அயலூர் அடுப்புகளுக்கு உதவிற்று. 1980களில் இலங்கையிற் பரப்பப்பட்ட அனகி என்னும் களிமண் அடுப்பு, ஒரே நெருப்பில் இரு பானைகளை ஏற்ற வல்லது. மூன்று கல் அடுப்பினும் குறைந்த விறகிற் சமைக்க உதவுவது. இவை நல்லனவே. எனினும் அடுப்பைத் திருத்துவோர் விறகு எங்கிருந்து வருகின்றது என்பதனையும் மரம் நடுவோர் அதன் ஓலைக்கு எத்தனை பேர் காத்திருக்கின்றனர் என்பதனையும் ஒருங்கே நோக்கினார் அல்லர்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கை வீடுகளுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகாலேயே சமைத்தன. அதன்பின் சமையல் வாயு கிராமங்களுக்கும் விரைந்து பரவிற்று. குடாநாட்டிற் போருக்குப் பின் எழுந்த வீடுகளுட் பல, புகைக்கூடு இல்லாத அடுக்களையும் நாற்புறமும் மதிலும் உடையவை. 2022ஆம் ஆண்டில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது, 12.5 கிலோகிராம் வாயுக் கொள்கலனின் விலை சித்திரையில் 4,860 ரூபாவாயிற்று. விலை கொடுக்க ஆயத்தமானோருக்கும் கொள்கலன் கிடைக்கவில்லை. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. யாழ்ப்பாணத்து வீடுகள் முற்றத்திற் கல்வைத்து மீண்டும் அடுப்பு மூட்டின. பனையும் கதியால்வேலியும் எஞ்சியிருந்த வளவுகளில் மட்டையும் தடியும் உடனே கைக்கு வந்தன. மதிலால் சூழப்பட்ட வளவுகளில் உள்ளோர், 1990க்கு முன் தம் பெற்றோர் நோக்கியிருந்தவாறே, வன்னியிலிருந்து வரும் விறகு லொறியை எதிர்நோக்கினர். அவ்வாண்டு ஆனி இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு எரிபொருள் வழங்குவதை அரசு நிறுத்திவைத்திருந்தது. விறகு லொறிக்கும் டீசல் வேண்டியிருந்தது.